கூட்டப் பெயர்களின் கதை

ஒரே இனத்துப் பொருள்கள் பல ஓரிடத்தே சேர்ந்திருக்கும்போது, அவற்றைத் தனித்தனியே எண்ணிக் கூறாமல், அச்சேர்க்கை முழுவதையும் ஒரு சொல்லால் சுட்டுவது மக்கள் பேசும் மொழிகளுக்கெல்லாம் இயல்பானதொரு வழக்கம். ஆடுகள் பல சேர்ந்தால் அது மந்தை. வீரர் பலர் திரண்டால் அது படை. மலர்கள் பலவற்றைத் தொடுத்தால் அது சரம். இத்தகைய சொற்களை இலக்கண நூலார் கூட்டப் பெயர்கள் என்பர். ஆங்கிலத்திலும் கூட்டப் பெயர்கள் உண்டு. ஆனால் அம்மொழியில் அவை ஒரு தனிப் போக்கில் வளர்ந்து, காண்போரை வியப்பில் ஆழ்த்தும் ஒரு பட்டியலாகவே நிலைபெற்றுவிட்டன. சிங்கங்கள் கூடியிருந்தால் அது 'பிரைட்', அதாவது செருக்கு. காக்கைகள் கூடினால் 'மர்டர்', அதாவது கொலை. வானம்பாடிகள் கூடினால் 'எக்ஸால்டேஷன்', அதாவது உவகையின் எழுச்சி. வாத்தினத்தைச் சேர்ந்த கூஸ் என்னும் பறவைகள் தரையில் நின்றால் ஒரு பெயர். அவையே வானில் அணிவகுத்துப் பறந்தால் வேறொரு பெயர்.

இந்தப் பட்டியலைப் பள்ளிச் சிறுவர் மனப்பாடம் செய்கின்றனர். வினாடி வினாப் போட்டிகளில் இதிலிருந்து கேள்விகள் எழுகின்றன. பணித் தேர்வுகளுக்கென விற்கப்படும் கையேடுகளிலும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில், பிள்ளை இப்பட்டியலைத் தடையின்றி ஒப்பித்தால் பெற்றோர் உள்ளம் குளிர்கின்றது. தடுமாறினால், ஆங்கில அறிவிலேயே ஏதோ குறை நேர்ந்துவிட்டதாகக் கவலை கொள்கின்றது. ஆதலின் இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, எவர் எதற்காக இவற்றைத் தொகுத்தனர் என்று ஆராய்ந்து அறிவது வெறும் பொழுதுபோக்கு அன்று. அவ்வரலாற்றை அறிந்தால் எதைக் கற்க வேண்டும், எதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை என்பதும் நமக்குத் தெளிவாகும்.

ஆங்கிலக் கூட்டப் பெயர்கள் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை அல்ல. அவற்றுள் ஒரு பகுதி உழைப்பிலிருந்து பிறந்தது. மற்றொரு பகுதி உயர்குலப் பெருமிதத்திலிருந்து பிறந்தது. முதலில் உழைப்பிலிருந்து பிறந்தவற்றைக் காண்போம். மாட்டு மந்தைக்கு 'ஹெர்ட்', ஆட்டு மந்தைக்கும் பறவைக் கூட்டத்திற்கும் 'ஃபிளாக்', தேனீக் கூட்டத்திற்கு 'ஸ்வார்ம்', கதிர்க் கட்டுக்கு 'ஷீஃப்' என்பன பழைய ஆங்கிலத்திலேயே வேரூன்றிய சொற்கள். இடையரும் உழவரும் தேன் எடுப்போரும் தம் அன்றாடத் தொழிலில் கையாண்ட சொற்கள் இவை. மீன் கூட்டத்தை 'ஸ்கூல்' என்று கூறுவதைக் கேட்டு, மீன்களுக்கும் பள்ளிக்கூடம் உண்டோ என்று பிள்ளைகள் நகைப்பதுண்டு. அச்சொல் பள்ளியைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் மட்டுமே ஒத்தது. திரள் என்னும் பொருளில் டச்சு மொழியில் வழங்கிய ஒரு சொல்லே அவ்வாறு ஆங்கிலத்தில் நுழைந்தது. திமிங்கலக் கூட்டத்திற்கு வழங்கும் 'பாட்' என்னும் சொல் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் திமிங்கல வேட்டைக்காரரிடையே தோன்றியது. தொழிலுக்குத் தேவைப்பட்டது, சொல் பிறந்தது. இவற்றில் விந்தையும் இல்லை, வேடிக்கையும் இல்லை.

இனி, மற்றைப் பகுதியின் கதையைக் காண்போம். 1066ஆம் ஆண்டில் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்று அரியணை ஏறினான். அது முதற்கொண்டு பல தலைமுறைகள் வரை அரசவையிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. வேட்டை அரசர்க்கும் பிரபுக்களுக்கும் உரிய விளையாட்டாயிற்று. பெருங்காடுகள் அரசனுடைய வேட்டைக்கென ஒதுக்கப்பட்டன. அங்கே மானைக் கொன்ற குடியானவன் கடுந்தண்டனைக்கு உள்ளானான். இவ்வாறு வேட்டை ஒரு குலத்தாரின் உரிமையானபோது, வேட்டைக்குரிய சொற்களும் அக்குலத்தாரின் உடைமையாயின. செம்மான் இனத்து ஆண் மானை ஆண்டுக்கு ஒரு பெயரால் அழைத்தனர். முதலாண்டில் 'காஃப்', இரண்டாம் ஆண்டில் 'பிராக்கெட்', ஐந்தாம் ஆண்டில் 'ஸ்டேக்', ஆறாம் ஆண்டில்தான் 'ஹார்ட்'. ஐந்து வயது மானை 'ஹார்ட்' என்று ஒருவன் கூறிவிட்டால், அவன் வேட்டை அறியாதவன் என்பதோடு, நற்குடியில் பிறவாதவன் என்பதும் அவையோர்க்கு விளங்கிவிடும்.

இது நாம் கற்பித்துக் கூறும் விளக்கம் அன்று. அக்காலத்தார் தாமே வெளிப்படையாகக் கூறிய செய்தியாகும். ஆர்தர் மன்னனுடைய வீரக்கதைகளை மாலரி என்பவர் ஆங்கில உரைநடையில் தொகுத்தார். அந்நூலை இங்கிலாந்தின் முதல் அச்சகத்தாராகிய காக்ஸ்டன் 1485இல் வெளியிட்டார். வேட்டைக்கும் வல்லூறு பழக்குவதற்கும் உரிய நல்ல சொற்களையெல்லாம் வகுத்தவன் டிரிஸ்டிராம் என்னும் வீரனே என்று அந்நூல் கூறுகின்றது. அச்சொற்களைக் கொண்டே உயர்குடியினனைச் சிறுநிலக்காரனிடமிருந்தும், சிறுநிலக்காரனை அடிமைக் குடியானவனிடமிருந்தும் பிரித்தறியலாம் என்றும், அதற்காகப் பெருங்குடியினர் அவ்வீரனுக்கு நன்றி பாராட்ட வேண்டும் என்றும் அந்நூல் புகழ்கின்றது. சொல் ஈண்டுப் பொருளை உணர்த்தும் கருவியாக மட்டும் நில்லாமல், மாளிகை வாயிலில் நின்று வருவோரைத் தடுத்து வினவும் காவலனாகவும் ஆகிவிட்டது.

அடுத்த ஆண்டாகிய 1486இல், லண்டனுக்கு வடக்கே சில காதத் தொலைவில் உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊரில் ஒரு நூல் அச்சேறியது. அதை அச்சிட்டவர் பெயர் தெரியவில்லை. அவர் அவ்வூரில் முன்னர்ப் பள்ளியாசிரியராக இருந்தவர் என்ற குறிப்பு மட்டும் பின்வந்த அச்சகத்தார் ஒருவர் வாயிலாகக் கிடைக்கின்றது. வல்லூறு பழக்குதல், வேட்டையாடுதல், குலச்சின்னங்களின் இலக்கணம் என்பன அந்நூலின் முக்கியப் பொருள்கள். வேட்டைப் பகுதியின் இறுதியில் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் பெண்மணியின் பெயர் காணப்படுகின்றது. அவர் அவ்வூருக்கு அருகில் இருந்த சோப்வெல் கன்னிமாடத்தின் தலைவியாக விளங்கியவர் என்பது வழிவழி வந்த செய்தி. ஆனால் அதனை நிலைநாட்டத்தக்க மடத்து ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. இந்நூலே 'செயின்ட் ஆல்பன்ஸ் நூல்' என்று வழங்கப்படுகின்றது. இன்று நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் விந்தையான கூட்டப் பெயர்களுள் பலவற்றிற்கு இந்நூலே தாயகம். இதற்கு முன்னரும், 1450ஆம் ஆண்டை ஒட்டி, கையெழுத்துச் சுவடிகளில் இத்தகைய பட்டியல்கள் இருந்தன. அச்சேறியதனால் இப்பட்டியல் நாடெங்கும் பரவியது.

அந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை நோக்க வேண்டும். அந்நூற்றாண்டில் இங்கிலாந்தின் சமுதாயம் நிலைகுலைந்து மாறிக்கொண்டிருந்தது. உள்நாட்டுப் போர்களில் பழங்குடிகள் பல அழிந்தன. வாணிகத்திலும் நிலத்திலும் பொருள் சேர்த்த புதியவர்கள் மேலே வந்தனர். வழக்கு மன்றங்களில் எதிர்வாதியின் பெயரோடு அவனுடைய தகுதியையும் குறிக்க வேண்டும் என்று 1413இல் ஒரு சட்டம் பிறந்திருந்தது. ஆகவே, தான் எந்தப் படியில் நிற்பவன் என்பதை ஒவ்வொருவனும் கூறவேண்டியவனானான். பணம் வந்துவிட்டது, ஆனால் பெருங்குடியினரின் பேச்சு வரவில்லை. அத்தகையோர்க்கு இந்நூல் ஒரு கைவிளக்காயிற்று.

பறவைகளையும் அந்நூல் படிமுறையில் நிறுத்தியது. பேரரசர்க்குக் கழுகு, அரசர்க்கு 'ஜெர்ஃபால்கன்' என்னும் பெரிய வல்லூறு, சீமாட்டிக்கு 'மெர்லின்' என்னும் சிறு வல்லூறு, சிறுநிலக்காரனுக்கு ஒன்று, பாதிரியாருக்கு மற்றொன்று. உணவு மேசையில் இறைச்சியை அரிவதற்குக்கூடத் தனித்தனிச் சொற்கள் விதிக்கப்பட்டன. அன்னத்தை 'உயர்த்த' வேண்டும்; கொக்கை 'விரிக்க' வேண்டும்; முயலை 'முடிச்சவிழ்க்க' வேண்டும். எல்லாம் செய்வது கத்தி ஒன்றுதான். ஆனால் 'வெட்டுதல்' என்ற பொதுச்சொல்லை எல்லாவற்றிற்கும் வழங்கினால் அவையில் நகைப்புக்கு இடமாகும்.

இச்சூழலில்தான் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரிய கூட்டங்கள் என்னும் பட்டியல் அந்நூலில் இடம்பெறுகின்றது. அதில் நூற்றைம்பதிற்கும் மேற்பட்ட தொடர்கள் உள்ளன. அவற்றைப் படித்துச் செல்லும்போது ஓர் உண்மை புலனாகின்றது. முன்னே மானும் சிங்கமும் கொக்கும் காடையும் வருகின்றன. அவற்றோடு கலந்து மனிதர்களும் வரத் தொடங்குகின்றனர்! நீதிபதிகள் கூடினால் 'தீர்ப்பு'. வழக்கறிஞர் கூடினால் 'சொல்வன்மை'. தூதர் கூடினால் 'விரைவு'. குழலூதுவோர் கூடினால் 'வறுமை'. செருப்புத் தைப்போர் கூடினால் 'குடிமயக்கம்'. மனைவியர் கூடினால் 'பொறுமையின்மை'. கன்னிமாடத்துத் துறவியர் கூடினால் 'தேவைக்கு மிஞ்சிய பெருக்கம்'. இவை வேட்டைக்காரனுக்கு எவ்வாற்றானும் பயன்படுவன அல்ல. யாரோ ஒருவர் மாலை நேரத்தில் நண்பரோடு அமர்ந்து, சிரித்துச் சிரித்துப் புனைந்த நகைச்சுவைத் தொடர்கள் இவை. நூலின் ஆசிரியர் உண்மையிலேயே கன்னிமாடத் தலைவியாயின், தம் இனத்தாரையே அவர் நகையாடினார் என்று கொள்ள வேண்டும். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களையெல்லாம் கலைத்துச் சொத்துக்களைக் கைப்பற்றியபோது, துறவியரின் 'மிஞ்சிய பெருக்கம்' என்பது நகைச்சுவையாக மட்டும் நிற்கவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னும் ஒன்று. நம் நாட்டுக் கையேடுகளில் மகளிர் கூட்டத்திற்கு 'பெவி' என்ற சொல் இன்றும் தரப்படுகின்றது. செயின்ட் ஆல்பன்ஸ் நூலில் அச்சொல் சீமாட்டிகளுக்கும் காடைப் பறவைகளுக்கும் 'ரோ' என்னும் சிறு மானினத்திற்கும் பொதுவாக வழங்கப்பட்டுள்ளது. பெண்டிரையும் காடையையும் மானையும் ஒரே சொல்லில் அடக்கிய கண் எவருடைய கண் என்பதைக் கூற வேண்டுவதில்லை. வில்லேந்தி நின்ற வேட்டைக்காரனுடைய கண்ணே அது. அச்சொல்லைப் பொருள் அறியாமல் மனப்பாடம் செய்யும் பெண் குழந்தை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவனுடைய பார்வையையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறாள்.

1496இல் காக்ஸ்டனின் உதவியாளராக இருந்த வின்கின் டி வொர்டு என்பவர் இந்நூலை வெஸ்ட்மின்ஸ்டரில் மறுபதிப்பாக வெளியிட்டார். அதில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தார். அதனைச் சிறு பிரசுரமாகத் தனியே அச்சிடாமல் பெரிய நூலோடு இணைத்ததற்கு ஒரு காரணமும் கூறப்பட்டுள்ளது. தனிப் பிரசுரமாக வெளிவந்தால் வேலையற்ற எளியோர் கையிலெல்லாம் அது சென்றுவிடும். அவர்கள் மீன்பிடிப்பை அளவின்றி மேற்கொண்டு அவ்விளையாட்டையே கெடுத்துவிடுவர். ஆதலின் மேன்மக்கட்குரிய பெருநூலில் அதனைச் சேர்த்தோம் என்பது அக்காரணம். விலையே வேலியாயிற்று! சிறு பிரசுரங்களின் வாயிலாக அறிவு எல்லார்க்கும் எட்டவேண்டும் என்று கருதும் இக்காலத்தில் இச்செய்தியைப் படிக்கும்போது, காலம் எவ்வளவு தூரம் நடந்துவந்திருக்கின்றது என்பது விளங்கும்.

வேலி எவ்வளவு உயரமாயினும் அதன்மீது ஏறிப் பார்க்க விரும்புவோர் இருந்தே தீர்வர். அவர்களைக் கண்டு நகைப்போரும் இருப்பர். 1598இல் முதன்முதலாக நடிக்கப்பெற்ற பென் ஜான்சனுடைய நாடகம் ஒன்றில், நாட்டுப்புறத்து இளைஞன் ஒருவன் வருகின்றான். அவன் ஒரு வல்லூற்றை விலைக்கு வாங்கிவிட்டான். அதற்கு வேண்டிய மணியும் முகமூடியும் வாங்கிவிட்டான். இனி அதனைப் பழக்குவதற்கு ஒரு நூல்தான் குறை என்று உறவினரிடம் கேட்கின்றான். வேட்டை மொழியும் வல்லூற்று மொழியும் அறியாதவனை இக்காலத்தில் யார் மதிப்பர் என்று அவன் ஏங்குகின்றான். அவையோர் அவனைக் கண்டு நகைத்தனர். அந்நகைப்பினுள்ளே ஒரு துயரமும் உண்டு. மதிப்பைச் சொற்களால் வாங்க முடியும் என்று நம்பியவனுடைய துயரம் அது.

பின்னர், துப்பாக்கி வந்தது, வல்லூறு வேட்டை மங்கியது, சொற்களும் மங்கின. உழைப்பின் சொற்கள் மட்டும் மக்கள் வாயில் நிலைத்து நின்றன. உயர்குலச் சொற்களுள் பெரும்பாலானவை பழைய ஏடுகளில் உறங்கின. அவற்றை எழுப்பியவர் பழம்பொருள் ஆர்வலர். ஜோசப் ஸ்டிரட் என்பவர் இங்கிலாந்து மக்களின் விளையாட்டுகளைப் பற்றி 1801இல் வெளியிட்ட நூலில் இக்கூட்டப் பெயர்களை எடுத்துக் காட்டினார். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற கானன் டாயில் 1906இல் நூல் வடிவில் வெளியிட்ட 'சர் நைஜல்' என்னும் வரலாற்றுப் புதினத்தில், முதிய வீரர் ஒருவர் இளைஞனுக்கு இச்சொற்களைக் கற்பிக்கும் காட்சியை அமைத்தார். அதனைப் படித்த பலர், இவையெல்லாம் முற்காலத்து ஆங்கிலேயர் அனைவரும் அன்றாடம் பேசிய சொற்கள் என்றே நம்பினர்.

1909இல் ஜான் ஹாட்ஜ்கின் என்னும் அறிஞர் இப்பட்டியலைத் தொடர் தொடராக ஆராய்ந்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவர் கண்ட முடிவு பலருக்கு வியப்பளித்தது. பட்டியலில் உள்ள தொடர்களுள் பல கூட்டத்தைக் குறிப்பனவே அல்ல. அவ்வவ்வுயிர்க்கு உரிய ஒலியையோ செயலையோ இயல்பையோ குறிப்பன என்பதே அம்முடிவு. ஸ்டார்லிங் என்னும் பறவையின் 'முணுமுணுப்பு' அதன் ஒலி. அகழெலியை ஒத்த 'மோல்' என்னும் உயிரின் 'உழைப்பு' அது மண்ணைத் தோண்டும் செயல். 'ரூக்' என்னும் காக்கையினத்தின் 'கட்டுதல்' அது கூடு கட்டும் வேலை. இவையெல்லாம் 'கூட்டங்கள்' என்னும் ஒரு தலைப்பின் கீழ் அச்சேறிவிட்டமையால், படித்தோர் அனைவரும் கூட்டப் பெயர்கள் என்றே கொண்டனர். எழுத்துப் பிழையும் தன் பங்கைச் செய்தது. முயல் வேட்டைக்குப் பழக்கப்படும் 'ஃபெரட்' என்னும் சிறு விலங்கிற்குரிய சொல், சுறுசுறுப்பு என்று பொருள்படும் 'பிசினஸ்' என்பது. அது ஏட்டுக்கு ஏடு சிதைந்து, இறுதியில் 'ஃபெஸ்னிங்' என்னும் பொருளற்ற வடிவத்தில் அகராதியிலும் புகுந்தது. தலைப்பு ஒன்று தவறினால் நூற்றாண்டுகள் தவறும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ?

பழமை என்று கருதப்படும் தொடர்கள் அனைத்தும் பழமையானவை என்றும் கொள்ளற்க. ஆந்தைக் கூட்டத்திற்குப் 'பார்லிமெண்ட்' என்று பெயர் கூறி, அதனை இடைக்காலத்து வழக்கு என்பாரும் உளர். 14ஆம் நூற்றாண்டில் சாசர் என்னும் பெருங்கவிஞர் பறவைகளின் மன்றத்தைப் பற்றி ஒரு காவியம் பாடினார். அத்தலைப்பை வைத்து விளையாட்டாக, சி.எஸ். லூயிஸ் 1953இல் வெளியிட்ட சிறுவர் கதையொன்றில் ஓர் அத்தியாயத்திற்கு 'ஆந்தைகளின் பார்லிமெண்ட்' என்று பெயரிட்டார். அவ்விளையாட்டே இன்று பாடமாகிவிட்டது. 1968இல் ஜேம்ஸ் லிப்டன் என்னும் அமெரிக்கர் பழைய பட்டியலைத் தொகுத்ததோடு, தாமும் புதியன பல புனைந்து சேர்த்து ஒரு நூல் வெளியிட்டார். 15ஆம் நூற்றாண்டின் மாலை நேர விளையாட்டு 20ஆம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. அப்பட்டியலிலிருந்து இன்று உயிர்பெற்று எழுந்தனவும் சில உண்டு. சிங்கக் குடும்பத்திற்கு 'பிரைட்' என்னும் சொல் நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்து, 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் வழக்கிற்கு வந்து, விலங்கியலாரும் கையாளும் சொல்லாகிவிட்டது. ஆயினும் காக்கைகளை ஆராயும் பறவை நூலார் தம் கட்டுரைகளில் 'கொலை' என்று எழுதுவதில்லை. எளிய பழைய 'ஃபிளாக்' என்னும் சொல்லையே எழுதுகின்றனர்.

இப்பட்டியல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த வழியையும் சிறிது காண வேண்டும். 1835இல் மெக்காலேயின் குறிப்பு, ஆங்கிலக் கல்விக்கு அரசாங்கத்தின் ஆதரவைத் தேடித் தந்தது. 1844இல் ஹார்டிஞ்சு பிரபுவின் தீர்மானம், அரசுப் பணியில் ஆங்கிலம் கற்றோர்க்கு முதன்மை என்று அறிவித்தது. அன்று முதல் ஆங்கிலம் சோற்றுக்கு வழியாயிற்று. ஆங்கிலமும் கணக்கும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழ் இளைஞர் பலர் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும், தலைநகர் மாறிய பின்னர்த் தில்லிக்கும் சென்றனர். அவர்களுடைய பெட்டியில் மாற்றுடையோடு ஆங்கில இலக்கண நூலும் இருந்தது. முதலில் நெஸ்ஃபீல்டின் இலக்கணம். 1930களின் நடுவிலிருந்து ரென், மார்ட்டின் இருவரும் இயற்றிய இலக்கணம். அந்நூல்களில் கூட்டப் பெயர் என்பது எளிய பகுதியே. கூட்டம், படை, கப்பற்படை, குழு, குடும்பம் என்பன போன்ற சொற்களே எடுத்துக்காட்டுகள். விந்தையான நீண்ட பட்டியல்கள் பின்வந்த கையேடுகளில் பெருகின. தேர்வு நடத்துவோர்க்கு அவை வசதியாயின. தெரியும், தெரியாது என்று மாணவரை எளிதில் இரு கூறாகப் பிரிக்கலாம் அன்றோ? உயர்குடியினனையும் சிறுநிலக்காரனையும் பிரிக்கப் பயன்பட்ட கருவி, தேறியவனையும் தேறாதவனையும் பிரிக்கும் கருவியாக மறுபிறவி எடுத்தது.

ஆங்கிலத்தில் கூட்டப் பெயர் பற்றி உண்மையில் கற்கவேண்டுவன சிலவே. நாள்தோறும் வழங்கும் சில பத்துச் சொற்களை அறிந்தால் போதும். அவற்றோடு வினைச்சொல் எவ்வாறு இயையும் என்பதை நன்கு உணர வேண்டும். குழுவினர் ஒருமனதாக ஒரு முடிவு எய்தினர் என்னும்போது, ஆங்கிலத்தில் குழு ஒருமையாகக் கருதப்படும். குழுவினர் தமக்குள் கருத்து மாறுபட்டனர் என்னும்போது, பிரிட்டிஷார் வழக்கில் அதே சொல் பன்மை வினை கொள்ளும். அமெரிக்கர் பெரும்பாலும் ஒருமையாகவே வழங்குவர். அலுவலகக் கடிதம் எழுதுவோர்க்கு இந்நுட்பமே பயன்படும். வானம்பாடிகளின் 'எக்ஸால்டேஷன்' எந்த அலுவலகத்திலும் தேவைப்படுவதில்லை.

தமிழிலும் இத்தகைய மரபு நுட்பங்கள் உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களாக ஒன்பது சொற்களைக் கூறுகின்றது. கன்று, குட்டி, குருளை, குழவி, பறழ், பார்ப்பு, பிள்ளை, மகவு, மறி என்பன அவை. எது எவ்வுயிர்க்கு உரியது என்பதையும் அது வகுத்துரைக்கின்றது. யானைக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் ஆவிற்கும் கன்று என்னும் சொல் உரியது. ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் அவ்வாறே அது தொகுக்கின்றது. அதே இயலில் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்போர்க்கு உரியன இவை என்னும் பகுப்பும் இடம்பெறுகின்றது. அப்பகுதி பிற்காலத்தார் சேர்த்தது என்று கருதும் அறிஞரும் உளர். விலங்கின் பெயர்களை வரிசைப்படுத்தும் கை, மனிதரையும் வரிசைப்படுத்த நீளுவதை இரு நாட்டு ஏடுகளிலும் காண்கின்றோம். ஆதலின் ஆங்கிலேயரின் வேட்டைச் சொற்களை நோக்கி நாம் மட்டும் நகைத்துவிடுதல் நேர்மையன்று.

ஆயினும் தமிழில் இன்றும் உயிரோடு வழங்கும் கூட்டப் பெயர்கள் பெரும்பாலும் களத்திலும் கழனியிலும் கடைத்தெருவிலும் பிறந்தவை. நாற்று முடி, கதிர்க் கட்டு, வைக்கோற் போர், கீரைக் கட்டு, திராட்சைக் கொத்து, வெற்றிலைக் கவுளி, பூச்சரம் என்று அவை விரியும். மரம் ஒன்றே ஆனாலும் இடத்திற்கேற்பச் சொல் மாறும். மாந்தோப்பு என்போம், சோளக் கொல்லை என்போம், தேயிலைத் தோட்டம் என்போம், பனங்காடு என்போம். மாறிச் சொன்னால் காது ஏற்காது. வாழை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மரத்திலிருந்து வெட்டியது தார். குமரிப் பக்கத்தார் அதனைக் குலை என்பர். தாரிலிருந்து பிரித்தது சீப்பு. சீப்பிலிருந்து பறித்ததே பழம். விளைவிப்போன் தாரை அறிவான். விற்போன் சீப்பை அறிவான். உண்போன் பழத்தை அறிவான். மூவரையும் இணைக்கும் சங்கிலி அச்சொற்களில் உள்ளது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் இச்சங்கிலியே இன்று தளர்ந்து வருகின்றது. வட நாட்டுக் கடைகளில் வாழைப்பழம் டஜன் கணக்கில் விற்கப்படுகின்றது. ஆதலின் சீப்பு என்னும் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. வேலை இல்லாத சொல் நெடுநாள் வீட்டில் தங்காது. சீப்பு என்றால் தலைவாரும் கருவி என்று மட்டுமே அங்கு வளரும் பிள்ளை அறியும். ஆனால் அதே பிள்ளை, தான் ஒருநாளும் காணாத ஸ்டார்லிங் பறவையின் கூட்டத்திற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று கேட்டால் உடனே கூறிவிடும். தமிழர் மிகுந்து வாழும் மாதுங்கா போன்ற இடங்களில் பூச்சரம் கிடைக்கின்றது. அதனால் அச்சொல்லும் அங்கே பிழைத்திருக்கின்றது. பொருள் இருக்கும் இடத்தில்தான் சொல் இருக்கும் என்பது இதனால் விளங்குகின்றது. பொருள் இல்லாத இடத்தில் சொல்லைக் காக்க வேண்டுமாயின், வீட்டார் அதனைப் பேசியே காக்க வேண்டும்.

இதனால் ஆங்கிலப் பட்டியலை அறவே ஒதுக்கிவிட வேண்டும் என்பது கருத்தன்று. அதனை அது பிறந்த இயல்பிலேயே, ஒரு விளையாட்டாகவே, பிள்ளைகளுக்குத் தரலாம். நீதிபதிகளுக்குத் 'தீர்ப்பு' என்றும் குழலூதுவோர்க்கு 'வறுமை' என்றும் பெயரிட்ட அந்த ஆங்கிலேயர், பள்ளிச் சிறுவரைத் தேர்வில் வீழ்த்த வேண்டும் என்று எண்ணியிருக்க மாட்டார். நம் பிள்ளைகளும் அவ்வாறே தமிழில் புனைந்து மகிழட்டும். எழுத்தர்களின் பெருமூச்சு, விருந்தினர்களின் ஆரவாரம், கடன் கொடுத்தோரின் நெருக்கம் என்றெல்லாம் அவர்கள் அடுக்கத் தொடங்கினால், இல்லத்தில் சிரிப்பும் மலரும், மொழியும் வளரும்.

ஆனால் விளையாட்டை இலக்கணம் என்று கொண்டு அஞ்சுதல் வேண்டா. பட்டியலில் உள்ள ஒரு சொல் தெரியாமையால் எவருடைய அறிவும் குறைந்துவிடுவதில்லை. மாளிகை வாயிலில் காவல் நின்ற சொற்கள் அவை. அம்மாளிகையின் கதவு என்றோ திறந்துவிட்டது. அடுத்த முறை ஊர் சென்று திரும்பும்போது, பிள்ளையைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, தார் எது, சீப்பு எது என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். அச்சொற்கள் எவரையும் எவரிடமிருந்தும் பிரிப்பதற்காகப் பிறந்தவை அல்ல. விளைவிப்பவனும் உண்பவனும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதற்காகப் பிறந்தவை.